கடற்கரை நகரும் கசையடியும்

விளையாட்டு என்றவுடன் பந்தும் மட்டையும் நினைவிற்கு வருதல் இயல்பு. வீட்டினுள் இருந்து ஆடுவன எவை என்று கேட்பின் சதுரங்கமும் தாயமும் பல்லாங்குழியும் தோன்றும். கணிப்பொறித் திரையில் ஆடப்பெறுவனவற்றைப் பற்றியோவெனின், அவை கண்ணைக் கெடுப்பன, காலத்தை விழுங்குவன, கற்பாரைக் கல்லாராக்குவன என்று பெரியோர் கடிந்துரைப்பதே வழக்கம். அக்கடிந்துரையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், தமிழிலக்கியம் பயிலும் யான் அத்தகைய ஆட்டம் ஒன்றில் எழுந்த சிறு வினாவிற்கு விடை தேடப் புகுந்து, நிலநூலையும் வரலாற்றையும் எம் ஊர்க் கரையையும் தொட்டு மீண்ட வகையினை ஈண்டு எழுதத் துணிந்தேன். வினா இதுதான்: கடற்கரையில் அமைந்த நகரொன்றின் உற்பத்தியைப் பெருக்குவது எங்ஙனம்?

அவ்வாட்டத்தின் பெயர் ‘சிவிலைசேஷன்’. நாகரிகம் என்று தமிழிற் சொல்லலாம். சிட் மையர் என்பார் வகுத்த இதன் முதற்பகுதி 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. நான்காம் பகுதி 2005ஆம் ஆண்டிலும், ‘பியாண்ட் த ஸ்வார்ட்’ என்னும் அதன் விரிவு 2007ஆம் ஆண்டிலும் வந்தன. ஏழாம் பகுதியே 2025ஆம் ஆண்டில் வந்துவிட்டது. ஆயினும் எம் விடுதி அறையிலுள்ள பழைய கணிப்பொறி தாங்க வல்லது நான்காவதே ஆதலின், யான் கூறுவனவெல்லாம் அதனைப் பற்றியனவே என்று கொள்க. இது நொடிப்பொழுதிற் சுட்டு வீழ்த்தும் ஆட்டமன்று. சதுரங்கம் போல, ஒருவர் தம் காய்களை நகர்த்தி முடித்த பின்னரே மற்றவர்க்கு முறை வரும். கி.மு. 4000இல் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு தொடங்கி, நகர்களை நிறுவி, கலைகளைக் கற்று, அரசு நடத்தி, கி.பி. 2050 வரையிற் செல்லலாம்.

ஒவ்வொரு நகரும் தன் இருக்கையோடு தன்னைச் சூழ்ந்த 20 கட்டங்களையும் ஆளும். ஒரு கட்டத்தில் ஒரு குடிமகன் உழைத்தால் மூவகைப் பயன்களுள் ஒன்றோ பலவோ கிடைக்கும். முதலாவது உணவு, இரண்டாவது உற்பத்தி, மூன்றாவது வாணிகம். இவற்றைத் திரையில் ரொட்டி, சுத்தியல், காசு என்னும் சிறு படங்களாற் காட்டுவர். உணவு மக்களை வளர்க்கும்; காசு கல்வியையும் கருவூலத்தையும் வளர்க்கும்; சுத்தியலோ கட்டடம், கப்பல், படை ஆகிய அனைத்தையும் ஆக்கும். ஒரு குடிமகன் ஒரு முறைக்கு 2 உணவு உண்பான். இவ்வளவும் மனத்திற் கொண்டால் மேல்வருவன எளிதில் விளங்கும்.

யான் நாகப்பட்டினத்துக் கடற்கரையிற் பிறந்தவன். ஆதலின், முதல் நகரைக் கடலோரத்தில் நிறுவுமாறு கை தானே செல்லும். ஆயின் அங்ஙனம் நிறுவிய நகர் பிற நகர்களுக்குப் பின்னே நொண்டிக்கொண்டு வரும். காரணம் யாதெனின், கரையோரக் கடற்கட்டம் ஒன்று 1 உணவும் 2 காசும் தரும், சுத்தியல் தாராது. ஆழ்கடற் கட்டம் 1 உணவும் 1 காசும் தரும். அதற்கும் சுத்தியல் இல்லை. கலங்கரை விளக்கம் கட்டினால் நீர்க்கட்டம் ஒவ்வொன்றிலும் உணவு ஒன்று கூடும். அப்பொழுது கரையோரத்தில் உழைக்கும் குடிமகன் தன் வயிற்றைத் தானே நிரப்பிக்கொண்டு 2 காசும் ஈட்டித் தருவான். மக்கள் பெருகுவர், கருவூலம் நிறையும், ஆனாற் கட்டத் தொடங்கிய கட்டடம் எழாது. சமநிலத்தில் நிறுவிய நகரின் இருக்கைக் கட்டம் தருவது 1 சுத்தியலே. தானியக் களஞ்சியம் ஒன்றிற்கு 60 சுத்தியல் வேண்டும். எனவே, அறுபது முறை கைகட்டிக் காத்திருத்தல் வேண்டும்.

நெய்தற்றிணை பயின்றார்க்கு இது புதிதாகத் தோன்றாது. அந்நிலத்தார் மீன் பிடிப்பர், உப்பு விளைப்பர், அவ்வுப்பைக் கொடுத்து நெல்லைக் கொள்வர் என்று சங்கப் பாடல்களிற் காண்கின்றோம். உணவும் வாணிகமும் அந்நிலத்தின் இயல்பு. கடல் கடந்த நாட்டார் வகுத்த ஆட்டமும் அதனையே எண்ணாக்கிக் காட்டுகின்றது. எம் வீட்டிலும் இதற்குச் சான்று உண்டு. எம் தந்தையார் படகு கட்டும் தச்சர். அவர்தம் சுத்தியல் ஒலித்தது கடற்கரையில். அதன் கீழ் அடிபட்ட அயினி மரமோ மலையாள நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. கடல் அவர்க்கு வேலையைக் கொடுத்தது. வேலைக்குரிய பொருளைக் கொடுத்ததில்லை. “கடல் சோறு போடும், கட்டை போடாது” என்பார் எம் அப்பாயி.

நிற்க. உற்பத்தி குறைந்தது என்றவுடன் புதியராய் ஆடுவார் முதலில் நாடுவது உலைக்கூடம். அது நகரின் உற்பத்தியைக் கால் பங்கு கூட்டும். பிற்காலத்தில் வரும் ஆலை மேலும் ஒரு கால் பங்கும், ஆலைக்கு மின்னாற்றல் கிடைத்தால் அரைப் பங்கும் கூட்டும். கேட்பதற்கு இனிதே. ஆயின் எதனிற் கால்? எதனில் அரை? 1 சுத்தியலில் கால் பங்கை ஆட்டம் கணக்கிலேயே கொள்ளாது. மலையடி நகரில் 20 சுத்தியல் இருப்பின் 5 கூடும். கடற்கரை நகரிலோ ஒன்றும் கூடாது. விழுக்காடு என்பது உள்ளவர்க்கு மேலும் கொடுப்பது. இல்லாதவர்க்கு அதனாற் பயனில்லை. ஆதலின் முதலில் தேடவேண்டுவது பெருக்கமன்று, பெருக்குதற்குரிய அடியே.

அவ்வடியைப் பெறும் வழிகள் சில உள. நகரைச் சமநிலத்தில் நிறுவாது, புல் குன்றிய வெளிநிலத்துக் குன்றின்மேல் நிறுவினால் இருக்கைக் கட்டமே 2 சுத்தியல் தரும். தொடக்கத்திலேயே உற்பத்தி இருமடங்காயிற்று. கரையருகே காடிருந்தால் அதனை வெட்டலாம். ஒரு காட்டிற்கு 20 சுத்தியலும், கணிதம் கற்ற பின் 30 சுத்தியலும் கிடைக்கும். ஆனால் வெட்டிய காடு வெட்டியதே. மீன் திரளும் கட்டம் கிடைத்து, அதில் மீன்பிடி படகு நிறுத்தி, கலங்கரை விளக்கமும் கட்டினால் அக்கட்டம் ஒன்றே 6 உணவு தரும். அங்கு உழைப்பவன் இரண்டை உண்டு நான்கை மிச்சப்படுத்துவான். அந்நான்கு வேறிருவரை ஊட்டும். அவருள் ஒருவரை உலைக்கூடத்திற் பொறிவினைஞராக அமர்த்தினால் அவர் 2 சுத்தியல் தருவார். எனவே, கடற்கரை நகரில் உலைக்கூடத்தின் மெய்ப்பயன் கால் பங்கில் இல்லை. ஒரு வினைஞர்க்கு அது இடந்தருவதிலேயே உள்ளது.

எல்லாவற்றினும் சிறந்தது மோவாய்ச் சிலை. நம் மொழியில் மோவாய் என்பது முகவாயைக் குறிக்கும். பசிபிக் கடலிலுள்ள ராப்பா நூயீ என்னும் தீவிலே கல்லிற் செதுக்கிய பெருஞ்சிலைகளுக்கு அத்தீவினர் இட்ட பெயர் ஏறத்தாழ அவ்வாறே ஒலிக்கின்றது. சிலைகளும் நீண்ட மோவாய் உடையனவாய் இருத்தல் கண்டு யான் வியந்தேன். இஃது ஒலியின் தற்செயலே யன்றி வேறன்று. ஆட்டத்தில் இச்சிலையை ஒரு நாட்டார் ஒரே ஒரு நகரிற் கட்டலாம். கட்டியபின் அந்நகரின் நீர்க்கட்டம் ஒவ்வொன்றும் 1 சுத்தியல் தரும். 15 கடற்கட்டத்தில் மக்கள் உழைக்கும் நகருக்கு ஒரே நாளில் 15 சுத்தியல் கூடும். அதன் பின்னரே உலைக்கூடத்தின் கால் பங்கிற்கும் பொருள் உண்டு. ஆனால் சிலைக்கு 250 சுத்தியல் வேண்டும். கல் கிடைக்கும் நாட்டார்க்கு அதில் பாதி உழைப்பே போதும். கல் இல்லாதார் கணிதம் கற்றபின் எட்டுக் காடுகளை வெட்டினால் 240 கிடைக்கும். எஞ்சிய பத்தினை நகரே தரும்.

இவ்வளவில் வினாவிற்கு விடை முற்றியது என்றிருந்தேன். எம் அறையில் உடனுறையும் நண்பர் பொருளியல் பயில்பவர். அவர் என் கணக்கைப் பார்த்து நகைத்தார். “காடு தேடி ஏன் அலைகின்றீர்? உம் நகரில் மிகுந்திருப்பது யாது? உணவு. உணவு எதனை வளர்க்கும்? ஆளை. ஆளைச் சுத்தியலாக மாற்றினால் முடிந்தது” என்றார். அவர் கூறியது அடிமைமுறை. வெண்கலத் தொழில் கற்றவுடனே ஆட்டத்தில் அம்முறையை மேற்கொள்ளலாம். மேற்கொண்டால், கசை அடையாளமிட்ட ஒரு பொத்தான் திரையில் தோன்றும். அதனை அழுத்தினால், கட்டப்பெறும் கட்டடம் விரைந்து முடிவதற்காக மக்களுட் சிலர் மாண்டொழிவர். ஓர் ஆளுக்கு 30 சுத்தியல். நகரின் மக்கட்டொகையிற் பாதிக்குமேல் ஒரே அடியில் எடுத்தல் இயலாது. அடித்த பின் பத்து முறைவரை ஒரு குடிமகன் சினந்து வேலை செய்யாதிருப்பான். தண்டனை அவ்வளவே.

நண்பரின் கணக்கை இங்கே மறைக்காமற் காட்டுதல் முறை. 4 பேர் உள்ள நகரில் ஐந்தாம் ஆளை வளர்க்க 28 உணவு வேண்டும். களஞ்சியம் இருந்தால் அதிற் பாதி எஞ்சி நிற்பதால் 14 போதும். மீன் கட்டத்தின் மிச்சம் 4. நகரின் இருக்கைக் கட்டம் தரும் 2. ஆக முறைக்கு 6 உணவு மிகும். மூன்று முறைக்குள் ஓர் ஆள் வளர்ந்துவிடுவான். பத்து முறைக்கு ஒருகால் இருவரைக் கசைக்குக் கொடுத்தால் 60 சுத்தியல். அஃதாவது முறைக்கு 6. நகரின் இயல்பான ஒன்றையும் கூட்டினால் 7. என் வழியிலோ, நகரின் ஒன்றும் வினைஞரின் இரண்டும் சேர்ந்து 3. உலைக்கூடத்தின் கால் பங்கைச் சேர்த்தும் நான்கு நிறையவில்லை. அடிமைமுறை ஏறத்தாழ இருமடங்கு பயன் தருகின்றது என்பதில் ஐயமில்லை. இவ்வாட்டத்திற் கைதேர்ந்தார் பலரும் கடற்கரை நகருக்கு இதனையே பரிந்துரைப்பர். மேலும், உழைப்பைப் பற்றிய சட்டங்களின் வரிசையில் அடிமைமுறையோடு சாதிமுறை என்று ஒன்றும் உண்டு. அது பட்டறைகளின் உற்பத்தியைக் கூட்டும். நம் நாட்டு மாணவர் அப்பெயரை அவ்வரிசையிற் காணுங்கால் ஒரு நொடி கை தயங்காதிருத்தல் அரிது.

“இதனை யான் செய்யேன்” என்றேன்.

“ஏன்? அவர்கள் எண்கள் தாமே? 6 என்றிருந்தது 4 என்றாகின்றது. அழுகையும் இல்லை, குருதியும் இல்லை. சதுரங்கத்திற் காலாளைக் கொடுத்துத் தேரைக் காப்பதில்லையா?” என்றார் நண்பர்.

அவர் வினாவிற்கு அப்பொழுது என்னிடம் விடையில்லை. திரையில் உள்ளவர் எண்களே. அவர்க்கு நோவு இல்லை என்பது உண்மை. ஆயினும் அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன என்று அறியும் அவா எழுந்தது. கல்லூரி நூல்நிலையத்திற் சில நாட்கள் கழித்தேன்.

முதலில் மோவாய்ச் சிலையின் தீவைப் பற்றிப் படித்தேன். ஒல்லாந்தராகிய யாக்கோப் ரொக்கவேன் என்னும் மாலுமி 1722ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்ப்புப் பெருநாளன்று, அத்தீவைக் கண்டார். ஆதலின் ஐரோப்பியர் அதற்கு ஈஸ்டர் தீவு என்று பெயரிட்டனர். ஏறத்தாழ 160 சதுரக் கிலோமீட்டர் பரப்பே உடைய அச்சிறு நிலத்தில் நூற்றுக்கணக்கான சிலைகளை ராப்பா நூயீ மக்கள் ரானோ ரராக்கு என்னும் எரிமலைக் கல்லிலிருந்து தம் கைகளாற் செதுக்கினர். பெரு நாடு 1854ஆம் ஆண்டிலேயே அடிமைமுறையை ஒழித்துவிட்டது. ஒழித்தபின் வேலைக்கு ஆள் போதவில்லை. 1862ஆம் ஆண்டின் இறுதியில் பெருவிலிருந்து வந்த கப்பல்கள் அத்தீவிற் புகுந்து ஏறத்தாழ 1,500 பேரைப் பிடித்துச் சென்றன. அவருட் பெரும்பாலார் மாண்டனர். திருப்பி அனுப்பப்பெற்ற மிகச் சிலர் அம்மை நோயைத் தம்மோடு கொண்டுவந்தனர். 1877ஆம் ஆண்டில் அத்தீவில் எஞ்சியிருந்த மக்கள் 111 பேர். கடலுக்குச் சுத்தியல் கொடுத்த சிலையைச் செதுக்கியோர் வழிவந்தவரே கசைக்கு இரையாயினர் என்பதைப் படித்தபோது, ஆட்டத்தில் அருகருகே இருக்கும் அவ்விரு படங்களும் எனக்கு வேறாகத் தோன்றின.

அடுத்து ஒல்லாந்தர். ஆட்டத்தில் இவர்க்கே உரிய அணைக்கரை என்னும் கட்டடம் ஒன்று உண்டு. அதுவும் நீர்க்கட்டங்களுக்கு 1 சுத்தியல் தரும். நீராவி ஆற்றலைக் கற்றபின் கடற்கரை நகர் எதிலும் கட்டலாம். வரலாற்றில் இதற்கு நல்ல அடிப்படை உண்டு. ஒல்லாந்து நாட்டில் மலையில்லை. கப்பலுக்குரிய காடும் போதாது. ஆயினும் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸோன் என்பார் காற்றாடியால் மரமறுக்கும் ஆலைக்கு 1593ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். நார்வே நாட்டு மரமும் பால்டிக் கரை மரமும் கடல்வழி வந்து, ஜாண்டாம் பக்கத்துக் காற்றாடிகளில் அறுபட்டுக் கப்பல்களாயின. 1697ஆம் ஆண்டில் ரஷ்யப் பேரரசர் பீட்டரே கப்பல் தச்சுப் பயில அவ்வூர் வந்தார். பொருள் வெளியிலிருந்து வந்தது. காற்று ஊரிலேயே வீசியது. கைத்திறன் உள்ளூர் மக்களுடையது. கடற்கரை நகரின் உற்பத்தி பெருகிய வகைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அக்கப்பல்கள் சென்ற இடங்களையும் பார்த்தல் வேண்டும். ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டிற் போர்த்துகேயரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர்; 1781ஆம் ஆண்டுவரை அது அவர் வசம் இருந்தது. தஞ்சை நாட்டிற் போரும் பஞ்சமும் தலைவிரித்தாடிய 1659ஆம் ஆண்டை ஒட்டி, எம் ஊர் முதலிய சோழமண்டலத் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் இலங்கைக்கும் பத்தாவியாவிற்கும் ஒல்லாந்தர் கப்பல்களில் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். கம்பெனியாரின் கணக்கேட்டில் அவர்களும் எண்களே. 6 என்றிருந்தது 4 என்றாயிற்று, அவ்வளவே.

இதனை நண்பரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “வரலாறு கொடியதே, ஆயினும் எந்நாளும் ஏன் அப்படி நிகழ்ந்தது? கணக்கில் ஏதேனும் காரணம் இருத்தல் வேண்டுமன்றோ?” என்று வினவினார். பொருளியல் மாணவர்க்குரிய வினா அது. அதற்கு விடை காண இருவரும் ஒரே நிலப்படத்தைச் சேமித்து வைத்துத் தனித்தனியே ஆடிப் பார்த்தோம். அவர் கசையோடு, யான் கசையின்றி.

முற்பாதியில் அவர் என்னை எளிதில் முந்தினார். களஞ்சியம், கலங்கரை விளக்கம், கப்பல் ஆகிய யாவும் அவர்க்கு முன்னரே முடிந்தன. மோவாய்ச் சிலையையும் அவரே முதலிற் கட்டினார். இதனை ஒளிப்பதற்கில்லை. ஆனால் சிலை எழுந்த சில முறைகளில் அவரே கசையை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டேன். “முன்பு கடலில் உழைத்தவன் ஒரு சுத்தியலும் தரவில்லை, அவனைக் கொடுத்தால் இழப்பு சிறிது. இப்பொழுது அவனே ஒவ்வொரு முறையும் ஒரு சுத்தியலும் காசும் தருகின்றான். நகரும் பெரிதாயிற்று; 14 பேர் உள்ள நகரில் இன்னோர் ஆளை வளர்க்க 48 உணவு வேண்டும். இனி அடித்தால் முன்போல ஆதாயம் இல்லை” என்றார்.

அவர் அறியாமலே என் வினாவிற்கும் தம் வினாவிற்கும் ஒருங்கே விடை கூறிவிட்டார். கசை பயன் தருவது எப்பொழுது? ஒருவனுடைய உழைப்பிற்கு மதிப்பில்லாத பொழுது. உழைப்பின் மதிப்பு உயருந்தோறும் கசையின் பயன் தேயும். ஆகவே, கடற்கரை நகரின் உற்பத்தியைப் பெருக்கும் வழிகள் இரண்டே: மக்கள் கையின் மதிப்பை உயர்த்துவது ஒன்று, அம்மதிப்பு தாழ்ந்து கிடப்பதைப் பயன்கொண்டு அவரையே செலவழிப்பது மற்றொன்று.

இரண்டாவது வழியை எம் வீட்டிலே கண்டிருக்கின்றேன். பெரியப்பா மகனாகிய எம் அண்ணன் எம் தந்தையாரிடம் தச்சு பயின்றவர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் எம் கரையில் மரப்படகுகள் அருகிக் கண்ணாடியிழைப் படகுகள் மலிந்தன. உளியும் இழைப்புளியும் மூலையிற் கிடந்தன. கற்ற தொழிலுக்கு மதிப்பு இன்மையால், அண்ணன் ஒரு முகவர் சொற்கேட்டு வளைகுடா நாடொன்றில் மீன்பிடி படகில் வேலைக்குச் சென்றார். சென்ற அன்றே படகின் உரிமையாளர் அவருடைய கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். பல மாதம் கூலி வரவில்லை, திரும்பவும் இயலவில்லை. இரண்டு ஆண்டு எம் அப்பாயி இரவு உணவிற்குத் தட்டுகளை எடுத்து வைக்கும்பொழுது, ஒன்றைக் கூடுதலாக எடுத்துவிட்டு மீண்டும் அடுக்கில் வைப்பார். 7 என்றிருந்தது 6 என்றாவது எத்தகையது என்பதை அவ்வோசையால் அறிந்தவன் யான். அண்ணன் நலமாகத் திரும்பினார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகின்றேன். திரும்பாதோர் வீடுகளும் எம் தெருவில் உள. நண்பர் அன்று “எண்கள் தாமே” என்றதற்கு யான் இன்று கூறும் விடை இது.

ஆட்டத்தின் பிற்பகுதியில் இன்னும் ஒன்று நிகழ்ந்தது. குடியாட்சிக் கலை கற்றபின் விடுதலைச் சட்டம் என்று ஒன்றை மேற்கொள்ளலாம். பிற நாட்டார் பலர் அதனை மேற்கொண்டால், மேற்கொள்ளாத நாட்டின் மக்கள் வருந்தி முகஞ்சுளிப்பர். நண்பரின் சட்டப் பட்டியலில் அடிமைமுறை பெயரளவில் அப்படியே இருந்தது. அயல்நாடுகளில் விடுதலை பரவவே, அவர் மக்கள் குமுறினர். பின்னரே சட்டத்தை மாற்றினார். அறம் கருதியன்று, அமைதி கருதி. உண்மை வரலாறும் இதனின் வேறுபட்டதன்று. ஒல்லாந்தர் தம் குடியேற்ற நாடாகிய சூரினாமில் 1863ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் அடிமைகளை விடுவித்தபோது, ஓர் ஆளுக்கு 300 கில்டர் வீதம் ஈட்டுத்தொகை கொடுத்தனர். கொடுத்தது ஆண்டைகளுக்கு. விடுவிக்கப்பெற்றோர்க்கு ஒன்றும் இல்லை. மேலும் பத்தாண்டு அரசின் மேற்பார்வையில் தோட்டங்களில் உழைக்கவேண்டும் என்று விதித்தனர்.

அக்குடியாட்சிக் கலையே கடற்கரை நகருக்கு வேறொரு நற்பயனையும் தருகின்றது. பொது வாக்குரிமையை மேற்கொண்ட நாட்டில், கட்டடத்தைக் காசு கொடுத்து முடித்துக்கொள்ளலாம். ஒரு சுத்தியலுக்கு ஏறத்தாழ 3 காசு. கடல் ஓயாது தருவது காசு. ஆகவே தொடக்க காலத்திற் கடலின் உணவைச் சுத்தியலாக்கக் கசையை நாடியவர், இப்பொழுது கடலின் காசைச் சுத்தியலாக்கக் கூலி கொடுத்தாற் போதும். என் நகர்கள் இக்காலத்தில்தான் நிமிர்ந்தன. மக்களை இழவாது வைத்திருந்தமையால் என் கடற்கட்டங்களில் ஆளில்லாதது ஒன்றும் இல்லை. இறுதிக் கணக்கில் நண்பரே முன்னின்றார். ஆனால் முற்பாதியில் இருந்த இடைவெளி பிற்பாதியில் மிகச் சுருங்கிற்று.

இவ்வாட்டம் ஆட விரும்பும் கல்லூரி அன்பர்க்குச் சுருங்கக் கூறுவேன். கடலோரத்தில் நகர் நிறுவுவதாயின் மீனும் காடும் ஒருங்கே உள்ள இடத்தைத் தெரிந்துகொள்க. கூடுமாயின் குன்றின்மேல் நிறுவுக. முதலில் மீன்பிடி படகும் கலங்கரை விளக்கமும், அடுத்துக் களஞ்சியம், உலைக்கூடம் வந்தவுடன் அதில் ஒரு வினைஞர். கணிதம் கற்கும் வரையிற் காட்டைத் தொடாது காத்து, பின் அதனை மோவாய்ச் சிலைக்கே செலவிடுக. ஒல்லாந்தராய் ஆடினால் அணைக்கரையை மறவற்க. குடியாட்சி வந்தபின் கடற்காசினைக் கட்டடமாக்குக. இவ்வழி மெதுவானது, முதல் நூறு முறைகளில் அயலார் உம்மை முந்துவர். அப்பொழுது திரையின் ஓரத்தில் அக்கசை அடையாளம் ஒளிரும். அதனை அழுத்தினாற் கட்டடம் அடுத்த முறையிலேயே எழும். அழுத்துவதும் அழுத்தாமையும் அவரவர் உரிமை. ஆயினும் அழுத்துமுன், நகரின் பெயருக்கு அருகிலுள்ள எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்க.